சர்க்கரைப் பேரம்

“இருநூத்தி எண்பத்தாறும்மா,” என்றார் நர்ஸ் உமாமகேஸ்வரி.

“சரி, முடிவா சொல்லு,” என்றாள் அஞ்சுகம்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் ரத்தத்துச் சர்க்கரையைக் குறைத்துக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

“முடிவே அதான். மெஷின் காட்டுதுல்ல?”

“மெஷின் ஆயிரம் காட்டும். உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், நூத்தி எண்பதுன்னு போட்டுக்க.”

அஞ்சுகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. திருவேட்டக்குடியிலிருந்து அன்னக்கூடையில் மீன் கொண்டுபோய்க் கோவில்பத்துத் தெருக்களில் விற்கிறவள். முப்பது வருஷ வியாபாரத்தில் அவள் கண்ட உண்மை ஒன்றே ஒன்று: முதலில் சொல்கிற எண்ணை எவனும் மனசறிந்து சொல்வதில்லை. விற்கிறவன் ஏற்றிச் சொல்வான், வாங்குகிறவன் இறக்கிக் கேட்பான், நிஜம் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். ஊர் உலகமெல்லாம் அப்படி இருக்க, ஆஸ்பத்திரி மட்டும் ஆகாயத்திலிருந்தா குதித்தது?

அவள் வந்ததே கண்ணுக்காகத்தான். இரண்டு கண்ணிலும் புரை. போன மாசம் ஒரு வீட்டு வாசலில் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, “ரத்தமாட்டம் இருக்கு பாருங்க” என்று அடித்துச் சொன்னாள். வீட்டுக்கார அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “வெளுத்துல்ல போயிருக்கு” என்றார். அன்றைக்கு அஞ்சுகத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. செவுள் நிறம் தெரியாதவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாம் என்று வந்தால், சர்க்கரை என்கிறார்கள். வெறும் வயிற்றில் நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால்தான் கண்ணில் கை வைப்பார்களாம்.

டாக்டர் அன்பழகன் சின்ன வயசுக்காரர். சீட்டைப் பார்த்தார், அஞ்சுகத்தைப் பார்த்தார், ஓரமாக வைத்திருந்த அன்னக்கூடையையும் பார்த்தார்.

“காலையில ஒரு மணி நேரம் நடக்கணும்மா. டிபனுக்கு ரெண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு.”

“தெருத்தெருவா நடந்துதானே தம்பி மீனு விக்கிறேன்?”

“வீட்டுக்கு வீடு நின்னு பேரம் பேசுறது நடையில சேராது.”

“ஒரு மணி நேரமெல்லாம் கட்டுப்படியாகாது. கால் மணி வச்சுக்குங்க.”

“முக்கால் மணி.”

“உங்க மூஞ்சிக்காகச் சொல்றேன். அரை மணி நடை, மூணு இட்லி, ரெண்டு கரண்டி சோறு. இதுக்கு மேல என்னால ஆகாது. இஷ்டம்னா எழுதுங்க.” எழுந்துகொள்வது போல ஒரு பாவனையும் செய்தாள்.

டாக்டர் பேனாவை உருட்டினார், பெருமூச்சு விட்டார், எழுதினார்.

“மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“ஒண்ணு போதுமே தம்பி.”

“மாத்திரைக்கு ஒரே விலைதான்மா. அதுல பேச்சே கிடையாது.”

அந்தக் குரல் அஞ்சுகத்துக்குத் தெரியும். வஞ்சிரத்துக்கு அவளே அந்தக் குரலில்தான் பேசுவாள். மாத்திரையை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

பேரம் படிந்துவிட்டது. ஆனால் கொசுறு இல்லாமல் எந்த வியாபாரம் முடிந்திருக்கிறது? மறுநாள் காலை தட்டில் மூன்று இட்லி விழுந்ததும் அஞ்சுகம் தட்டை நகர்த்தவில்லை.

“மூணுன்னுதானே அத்த சீட்டுல இருக்கு?” என்றாள் மருமகள் பாரதிப்ரியா.

“மூணு சரி. கொசுறு எங்க?”

கொசுறாக இரண்டு வந்தது. சோற்றிலும் இரண்டு கரண்டி கூடியது. நடையிலோ கொசுறு மறுபக்கம் வேலை செய்தது. ஐஸ் கம்பெனி வரை போய்வந்தால் அரை மணி. அஞ்சுகம் பாதி வழியில், வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து கதை பேசிவிட்டுத் திரும்பினாள்.

பாரதிப்ரியா சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கி வந்தாள். ஆள்காட்டி விரலில் குத்தினால் இருநூற்றுப் பன்னிரண்டு.

“அடுத்த விரல்ல கேளு.”

“எல்லா விரல்லயும் ஒரே ரத்தம்தான் அத்த!”

“ஒரே கடல் மீனுதான். படகுக்குப் படகு வெல மாறல?”

நடுவிரல் இருநூற்றைந்து சொன்னது. “பாத்தியா, ஏழு இறங்கிடுச்சு!” என்று துள்ளினாள் அஞ்சுகம். சுண்டுவிரல் இருநூற்றுப் பதினெட்டு என்றது. அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது. இப்படி விரல் விரலாக விசாரித்ததில், மெஷினில் செருகுகிற பட்டைகள், ஒரு மாசத்துக்கு வாங்கியவை, ஒரு வாரத்தில் தீர்ந்தன. அதற்கப்புறம் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததெல்லாம் இறங்குவதாகவே அஞ்சுகம் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியதும் லேசாக உதறல் எடுத்தது. முதல்நாள் ராத்திரி சோற்றை அடியோடு நிறுத்தினாள். விடிந்ததும் ஒரு சொம்பு பாகற்காய்ச் சாறு. “டாக்டரைக் கேக்காம இதெல்லாம் வேணாம் அத்த” என்று மருமகள் கத்தியது காதில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கண் இருட்டி, கால் பின்னி, பூக்கடைப் பலகையில் சாய்ந்துவிட்டாள். பூக்காரம்மா பதறிப்போய் ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி உடைத்து வாயில் ஊற்ற, அஞ்சுகம் மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள். தெம்பு வந்தது. அந்தத் தெம்போடு நேரே போய் விரலை நீட்டினாள்.

“முந்நூத்திப் பத்து,” என்றார் உமாமகேஸ்வரி.

“வழியில ஏறியிருக்கும்,” என்றாள் அஞ்சுகம். குரலில் சுருதி இல்லை.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். கலர், பாகற்காய், விரல்கள், கொசுறு என்று ஒன்று விடாமல், கூட வந்திருந்த பாரதிப்ரியா போட்டுக்கொடுத்தாள். “பட்டினி கிடந்துட்டு இனிமே இங்க வரவே கூடாது,” என்று டாக்டர் கண்டித்தார். பிறகு புதுச்சீட்டு எடுத்தார்.

“இனிமே ரெண்டு மணி நேரம் நடை. ஒரே ஒரு இட்லி. சோறு கிடையவே கிடையாது.”

அஞ்சுகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என்ன பகல் கொள்ளை! ஆனால் எதிரே இருந்தவர் கையில்தான் அவளுடைய கண் இருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு, முப்பது வருஷ அனுபவத்தையும் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், புருஷன் இல்லாத கதையைச் சொன்னாள், இரண்டு தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகு பேரம் படிந்தது. ஒரு மணி நடை, இரண்டு இட்லி, ஒரு கரண்டி சோறு.

வீட்டில் இந்தத் தடவை கொசுறும் ஒடுக்கமாகத்தான் இருந்தது. முந்நூற்றுப் பத்து உள்ளூரப் பயம் காட்டியிருந்தது. கண் போனால் யாரிடம் பேரம் பேசி மீட்பது? ஒரே ஒரு இட்லி கொசுறு, ஒரே ஒரு கரண்டி சோறு கொசுறு. நடையில் மட்டும் பாதியைக் கழித்துக்கொண்டாள். ஒரு மணி நேரமெல்லாம் மனுஷி நடப்பாளா? ஐஸ் கம்பெனி வரை போனாள், வழியில் உட்காராமல் வந்தாள், அவ்வளவுதான். விரல் குத்துவதும் ஒரு நாளைக்கு ஒரு விரலோடு சரி. மெஷினில் எண் மெல்ல மெல்ல இறங்கியது.

ஒன்றரை மாசம் கழித்து உமாமகேஸ்வரி மெஷினைப் பார்த்துச் சிரித்தார். “நூத்தி இருபத்தெட்டு! வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் வச்சுக்கலாம்மா.”

அஞ்சுகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புரைக்குள்ளிருந்து வந்தாலும் கண்ணீர் கண்ணீர்தான். அடுத்த நிமிஷமே முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இந்தா பாரு நர்சம்மா, ஒனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன். டாக்டரு சொன்னதுல பாதியை அங்கயே அடிச்சேன், மிச்சத்துல பாதியை வீட்டுல கொசுறா எடுத்துக்கிட்டேன். அரை மணிதான் நடந்தேன். மூணு இட்லி, ரெண்டு கரண்டி சோறு. அந்தத் தம்பிக்கு வியாபாரமே தெரியல, பாவம்.”

உமாமகேஸ்வரி பஞ்சை அவள் விரலில் அழுத்திப் பிடித்தார்.

“இங்க வர்ற எல்லாருக்குமே அந்த அரை மணியும் மூணு இட்லியும் ரெண்டு கரண்டி சோறும்தாம்மா அவரு எழுதுவாரு, உங்களுக்கு மட்டும்தான் ஏத்திச் சொன்னாரு, அவங்க அம்மாவும் பட்டினச்சேரியில கூடை தூக்கி மீன் வித்தவங்களாச்சே.”