தெருவுக்குப் பூ வளர்ப்பவர்

ஆறு வருஷமாக ஒருவருக்கு மனசில் ஒரு குறை. எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் தையல்காரர், ஜன்னலோரம் மெஷினைப் போட்டு நாள் முழுக்க இவர் பால்கனிக்கு நேரே உட்கார்ந்திருப்பவர், "பூ நல்லா இருக்குண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. என்ன மனுஷன் ஐயா அவர்?

குறைப்படுகிறவர் வெல்டிங் பட்டறைக்காரர். படிப்பு கொஞ்சம், வீம்பு நிறைய. இவரைத் தனியாள் என்று நினைக்காதீர்கள். இது ஓர் இனம். தெருவுக்குப் பூ வளர்க்கிற இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், அண்ணாந்து பாருங்கள்.

இவர் நர்சரிக்குப் போகிற அழகைப் பார்க்க வேண்டுமே! வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மருந்துக்குக்கூட ஒரு கேள்வி வராது. நர்சரிக்கார அம்மா, "இது நிழல்ல வைக்கிற செடிங்க, உங்க பால்கனி வெயிலுக்குத் தாங்காது" என்று தலைபாடாய் அடித்துக்கொள்ளும்போது, இவர் நாலு எட்டு பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்து, "கீழ இருந்து பாத்தா தெரியுமா?" என்பார். தெரிந்தால் போதும். பூத்திருக்கிற செடியைத்தான் வாங்குவார். அது வாடினால் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே நிறத்தில் பூத்த இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார். மொட்டு விரிகிறவரை காத்திருக்க அவருக்கென்ன தலையெழுத்தா?

வீட்டுக்காரி கேட்டது புதினா. "டீயில போட நாலு இலை கிடைக்குமேங்க."

"புதினாவா? கீழ இருந்து பாத்தா புல்லு முளைச்ச மாதிரி இருக்கும்டி."

ஆகவே புதினா பின்பக்கம், துணி காயப்போடும் கொடிக்கடியில், விரிசல் விட்ட பக்கெட்டுக்குப் போனது. அங்கே யாரும் சீண்டாததாலோ என்னவோ, தழைத்துத் தள்ளியது.

தொட்டி அடுக்குவது தனிச் சடங்கு. இவர் கைலியோடு நடுத்தெருவில் நின்று, ஸ்கூட்டர்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, மேலே பார்த்துக் கத்துவார்: "செவப்ப இடது பக்கம் தள்ளு! உன் இடது இல்ல, என் இடது!" அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளுவாள். பூவெல்லாம் வெயிலையும் தெருவையும் பார்க்கும். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் இலையின் முதுகும், இவரே பற்றவைத்த ஸ்டாண்டின் கால்களும்தான் தெரியும். வீட்டுக்காரிக்குச் சொந்தப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும்.

தையல்காரர் வாயைக் கிளற இவர் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நன்றாக இருக்கிற சட்டையில் பட்டனைப் பிய்த்துக்கொண்டு கடைக்குப் போவார்.

"உங்க ஜன்னல்ல இருந்து நல்ல காட்சிதான், இல்ல?"

"ஆமாண்ணே. வெள்ளை பட்டன் வைக்கவா, க்ரீமா?"

போன வாரமும் ஒரு பட்டன் பலியானது. சட்டையை வாங்கிய தையல்காரர் சட்டென்று நின்றார். முகர்ந்தார். "அண்ணே! சட்டையில புதினா வாசம் வருது. வீட்ல வளக்கிறீங்களா? எனக்கும் ரெண்டு கொத்து குடுங்கண்ணே."

"அத விடுங்க! முன்னாடி அவ்ளோ பூ இருக்கே, அது கண்ணுல படலையா?"

"அதுவா? ஆறு வருஷமா வாடாம, உதிராம ஒரே மாதிரி இருக்கேண்ணே. பிளாஸ்டிக்னுல்ல நெனச்சேன்! சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு வாயத் திறக்கல."

எத்தனை செடி. எத்தனை பட்டன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நல்ல கோப்பைகளில் நீங்கள் என்றைக்காவது டீ குடித்ததுண்டா? கிழியாத போர்வையை யார் வருகைக்காக மடித்து வைத்திருக்கிறீர்கள்? பட்டறைக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஒரே கண்ணாடியில்தான் ஷேவ் செய்கிறோம். அதனால் சொல்கிறேன், உங்கள் பால்கனியையும் ஒரு தரம் உள்ளேயிருந்து பாருங்கள்.

விஷயத்தைக் கேட்டு வீட்டுக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தையல்காரருக்குப் புதினா கிள்ளி வைத்தாள். பிறகு டீயோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"ஏங்க, அந்தச் செவப்புத் தொட்டிய இந்தப் பக்கம் திருப்புங்க. அது மூஞ்சிய நானும்தான் பாக்கிறேனே."

இவர் குனிந்து திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க. உங்க இடது இல்ல, என் இடது."