காபி டப்பாவில் வெந்த கல்யாண கேக்

முதல் ஆணியிலேயே தக்காளி சூப் டப்பா நசுங்கிவிட்டது. இரண்டாவது டப்பாவும் அப்படியே. லோவல் சுத்தியலைக் கீழே வைத்தான்.

மறுநாள் ஹாலோவீன். பழைய தகர டப்பாக்களில் ஆணியால் கண், வாய் துளைத்து, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிப் பேய்முக விளக்கு செய்து, வாசற்படி நெடுக வைப்பதாக மனைவி கிரெட்டாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். வருஷம் முழுக்க அவள் கழுவிச் சேர்த்தவை தரையில் குவிந்து கிடந்தன.

"உள்ள தண்ணி ஊத்தி ஐஸாக்கிட்டு அடிப்பா," என்றாள் பக்கத்து வீட்டு மிசஸ் லிண்ட், வேலிக்கு மேலாக. அவளுடைய கொழுத்த நாய் ட்யூக், வேலிக்குக் கீழாக எட்டிப் பார்த்தது. "அப்போ நசுங்காது. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

நல்ல யோசனைதான். ஆனால் ஃப்ரீசரில் இடமில்லை. மான் இறைச்சி, பட்டாணி, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளித்தாளில் சுற்றிய கல்யாண கேக்கின் உச்சி அடுக்கு. போன ஹாலோவீனன்றுதான் கல்யாணம். உச்சி அடுக்கைப் பத்திரப்படுத்தி, முதல் வருஷ நாளில் இருவருமாகச் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

அது வெறும் கேக் இல்லை. ஜூன் மாதம் மீன் பிடிக்கப் போனபோது லோவலின் கல்யாண மோதிரம் ஏரிக்குள் போயிற்று. வந்து சொன்னான். கிரெட்டா ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கோ பார்த்தபடி, "விடு, கேக்காவது இருக்கே," என்றாள். அன்றிலிருந்து அந்த வெள்ளித்தாள் பொட்டலம்தான் அவனுடைய மானம்.

வெளியே ஃப்ரீசருக்குச் சளைக்காத குளிர். எல்லாவற்றையும் பின்வாசல் படிகளில் எடுத்து வைத்தான். கேக்கை மட்டும் மரியாதையாக மேல் படியில். டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசருக்குள் அடுக்கினான்.

காலையில் கிரெட்டா வேலைக்குப் போனதும், பெரிய காபி டப்பாவை எடுத்து ஆணியடித்தான். நசுங்கவில்லை. இரண்டு கண், பல்லிளிக்கும் வாய். பிரமாதம். அந்தப் பெருமையோடு பின்கதவைத் திறந்தான்.

மேல் படியில் ட்யூக் உட்கார்ந்திருந்தது. மூக்கு நுனியில் வெள்ளைக் க்ரீம். சுற்றிலும் வெள்ளித்தாள் சுக்கல். கல்லாய் உறைந்த மான் இறைச்சியை அது சீண்டவில்லை.

லோவல் வெள்ளித்தாள் சுக்கல்களை அவசரமாகப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஏப்பா லோவல்!" வேலிக்கு அப்பாலிருந்து குரல். "ட்யூக் காலைச் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. உன் வீட்டுல எதாவது தின்னானா?"

"இல்லையே!"

அந்தக் கணம் முடிவு செய்தான். தானே ஒரு கேக் செய்துவிடுவது.

அந்த அளவுக்கு வட்டப் பாத்திரம் வீட்டில் இல்லை. காலையில் ஆணியடித்த காபி டப்பா மட்டும் அச்சாக அதே அகலம்; உள்ளிருந்த ஐஸைத் தட்டிக் கொட்டினான். முகம் முழுக்கத் துளை என்றால் என்ன, வெளியே காகிதம் சுற்றினால் போயிற்று.

போகவில்லை. சூடேறியதும் காகிதம் கருகி, மாவு ஒவ்வொரு துளை வழியாகவும் புழுப் புழுவாக வெளியே வந்தது. புகை. கூரையில் இருந்த அபாய மணி அலறியது.

"வீடு பத்திக்கிச்சா?"

"இல்ல மிசஸ் லிண்ட், விளக்கு செய்றேன்!"

"அடுப்புக்குள்ளயா?"

டப்பாவைக் கத்தரித்துத்தான் கேக்கை மீட்க முடிந்தது. அதன் பக்கவாட்டில் பருப் பருவாக இரண்டு கண்ணும் ஒரு வாயும். பருக்களைக் கத்தியால் சீவினான். குழிகள் விழுந்தன. கல்யாண கேக் எலுமிச்சை ருசி. வீட்டில் எலுமிச்சை வாசனையோடு இருந்தவை இரண்டே பொருள்கள்: பாத்திரம் கழுவும் சோப்பு, தேயிலைப் பொட்டலம். தேயிலையைப் பிரித்துக் க்ரீமில் கொட்டினான். பூசினான். க்ரீம் குழிகளில் இறங்கி, முகம் மறுபடி இளித்தது.

ஒரு வருஷம் உறைந்த கேக் கல்லாக இருக்க வேண்டாமா? சூட்டோடு சூடாக ஃப்ரீசருக்குள் தள்ளினான். அந்தச் சூட்டில் டப்பாக்களின் ஐஸ் இளகிற்று. மிச்ச விளக்குகளுக்கு ஆணியடித்தபோது ஒன்றுவிடாமல் நசுங்கின.

மாலையில் கிரெட்டா வந்தாள். வாசற்படி விளக்குகளைப் பார்த்தாள்.

"என்னடா இது, எல்லாப் பேயும் அடி வாங்கிட்டு வந்திருக்கு?"

"புது மாதிரி."

பிள்ளைகள் வேஷம் கட்டி வந்து மிட்டாய் வாங்கிப் போனார்கள். கேக் மேஜைக்கு வந்தது. இளிக்கும் பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பி வைத்தான்.

"இன்னைக்கே சாப்பிடணுமா?" என்றாள் கிரெட்டா. "பத்தாவது வருஷம்னா இன்னும் விசேஷமா இருக்கும்."

"எனக்கும் பசியில்ல," என்றான் அவசரமாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தப்பிக்க வழியில்லை. வெட்டினான். கிரெட்டா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்படியே... அன்னைக்கு இருந்த அதே ருசி," என்றாள்.

தான் வாயில் போட்டதை லோவலால் விழுங்க முடியவில்லை. இதை நம்பும் பெண்ணையா ஏமாற்றுவது? கண் கலங்கிற்று.

"கிரெட்டா, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"விளக்கு பார்க்க வந்தேன்," என்று மிசஸ் லிண்ட் ட்யூக்கோடு உள்ளே நுழைந்தாள். "அட, கேக்! எங்கே, நானும் ஒரு துண்டு."

யாரும் தடுப்பதற்குள் எடுத்து வாயில் போட்டாள். இன்னொரு துண்டை ட்யூக்கிடம் நீட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

மிசஸ் லிண்டின் முகம் சிவந்தது.

"இது என் கைப்பக்குவமே இல்ல! ஏம்மா கிரெட்டா, பிப்ரவரியில கல்யாண கேக்கை ஒருத்தியா தின்னு தீத்துட்டு, லோவலுக்குத் தெரிஞ்சா போச்சுன்னு என்கிட்ட வந்து அழுதியே, அப்போ நான் செஞ்சு குடுத்த கேக் எங்கே?"