வளையாத மூலையும் வராத மாப்பிள்ளையும்

இந்த முறை கல்லாவிக்குப் போவதில்லை என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி ஜெயப்ரியாவின் அண்ணன் குருமூர்த்தி வீட்டில் வெள்ளிக்கிழமை காதுகுத்து. காது குத்த அரை நிமிஷம். அப்புறம் மூன்று நாள் அவர் போர்வெல் போட்ட கதையைச் சொல்வார். முந்நூறாவது அடியில் பாறை வருவதற்கே ஒன்றரை நாள் ஆகும். தப்பிக்கக் காரணம் வேண்டும்.

காரணம் எங்கள் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் கிடைத்தது. நான் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுப்பவன். போல்ட் கம்பெனி மாதப்பனுக்குச் செய்ததில் பட்டன், பெட்டி எல்லாவற்றுக்கும் மூலைகளை அழகாக வளைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் வளைந்த மூலை அவருடையதில் செங்கல் மாதிரி நின்றது. அவருடையது மெஷினை ஓட்டும் கிழட்டுக் கம்ப்யூட்டர். புது பிரவுசர் போட்டால் மெஷின் நின்றுவிடும் என்று யாரையும் தொட விடமாட்டார்.

பழைய பிரவுசர் என்றால் மூலைக்கு ஒன்றாக நாலு சின்னப் படங்களை ஒட்டி வளைந்த மாதிரி காட்ட வேண்டும். அரை நாள் வேலை. அதுவும் வேண்டாம், போன் நம்பர் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்று மாதப்பனே சொல்லிவிட்டார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, மூலை வளைய மாட்டேன் என்கிறது, நீ மட்டும் போய் வா என்றேன்.

"மூல சதுரமா இருந்தா யாரக் குத்தப் போவுது?"

"கம்பெனி மானமே போயிரும்."

"எத்தன நாளாவும்?"

"சரியா மூணு நாள்."

"சரியா மூணா?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இல்லாத வேலையைச் செய்வது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? வளைத்த மூலையை நானே சதுரமாக்கினேன். மறுபடி வளைத்தேன். காபி கேட்கக்கூடப் பயம்.

வியாழன் சாயங்காலம் ஆகியும் அவள் துணி எடுத்து வைக்கவில்லை. எனக்காக அண்ணன் வீட்டு விசேஷத்தையே விடுகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறையில் அவள் ஐந்து கிலோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் கிளம்பவில்லை என்று கேட்டேன்.

"உங்கள உட்டுட்டு எப்பிடிங்க போறது? மாதப்பன் சாருக்கு போன் போட்டு, ரெண்டு நாள் டைம் குடுங்கன்னு கேட்டேன். மூலையப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலயேம்மான்னாரு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"இவ்ளோ வெங்காயம் எதுக்கு?" என்றேன்.

"மாப்பிள்ள இல்லாம என்ன காதுகுத்து, ஓசூர் மலக்கோயில்லயே வெச்சுக்கலாம்னு அண்ணன் சொல்லிட்டாரு. பதினாறு பேருங்க, வேன் சூளகிரி தாண்டிருச்சு. அண்ணனுக்கு உங்க ரூம்லதான் படுக்க போட்டிருக்கேன்."