‘அடங்காமை’ன்னு போடும்மா

"‘அடங்காமை’ன்னு போடும்மா" என்றார் மேனேஜர்.

டைப்பிஸ்டின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "மாட்டைச் சொல்ற மாதிரி இருக்கே சார்?"

"மாடாவது சொன்னா கேக்கும்! போடு."

விஷயம் இதுதான். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டும் அக்கா, அன்று காலையிலிருந்து மெஷினைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வாசலில் லாரி காத்திருக்கிறது. நான்கு மணிக்கு முதலாளி வருகிறார். அதற்குள் மெமோவைக் கொடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடத் துடித்தார் மேனேஜர்.

மெமோவைப் படித்த அக்கா, "சார், நான் ஏன் மெஷினைத் தொடலன்னா..." என்று ஆரம்பித்தார்.

"எதிர்த்தா பேசுற? டைப்பிஸ்ட், ‘எதிர்த்துப் பேசுதல்’. சேத்துக்கோ!"

அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"கேட்டா பதில் சொல்லாம நிக்கிறா பாரு. ‘தெனாவட்டு’. அதையும் சேத்துடு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘திமிர்’ சேர்ந்தது.

"சார், தெனாவட்டும் திமிரும் ஒண்ணுதானே?" என்று டைப்பிஸ்ட் நிஜமாகவே சந்தேகம் கேட்டாள்.

"சிரிக்காம நின்னா தெனாவட்டு. சிரிச்சா திமிர். இதுகூடத் தெரியாம எப்படி வேலைக்கு வந்தே?"

புது மெமோ வந்தது. அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். "பதினெட்டு வருஷமா ஒழுங்கா வேலை பாக்கிறேன். திமிர்னு எழுதின காகிதத்துல எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

"வீம்பு!" என்று கத்தினார் மேனேஜர்.

சத்தம் கேட்டு ஒட்டும் பிரிவு மொத்தமும் எழுந்து வந்தது. "அக்காவுக்கு மெமோன்னா எங்களுக்கும் குடுங்க" என்றார்கள் பதினொரு பேரும். ‘சண்டித்தனம்’ என்று பதினொரு மெமோ அடித்ததில் பிரிண்டர் மை தீர்ந்து நின்றது. அதையும் மேனேஜர் முறைத்துப் பார்த்தார். வாசலில் லாரிக்காரர் நாலு தடவை ஹாரன் அடித்துவிட்டு, காலி வண்டியோடு கிளம்பிப் போனார்.

"நீ இல்லாட்டி மெஷின் ஓடாதா? நானே ஓட்டுறேன்!"

"வேணாம் சார்!" என்று அக்கா பதறுவதற்குள் அவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். மெஷின் ஒரு கனைப்புக் கனைத்து அவருடைய சட்டைக் கையைக் கவ்வியது. அக்கா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, அவரைப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு மெயினை அணைத்தார். முழுக்கைச் சட்டை ஒரு பக்கம் அரைக்கையாகிவிட்டது.

"என்னையே பிடிச்சுத் தள்ளுறியா? ‘அடாவடி’! பேனாவால எழுதும்மா!"

முதலாளி வந்தார். மெமோவை மேலிருந்து கீழ்வரை படித்தார். "என்னய்யா இது, மெமோவா, அகராதியா?" என்றவர், அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, மேனேஜர் சொன்னா சொன்னபடி கேக்க மாட்டியா?"

அக்கா மேனேஜரைப் பார்த்தார். பேசினால் என்ன சேரும், பேசாவிட்டால் என்ன சேரும் என்று அவருக்கு இப்போது மனப்பாடம். கண்கள் மட்டும் கலங்கின.

அந்த நேரம் பார்த்து, டூல் பெட்டியோடு மெக்கானிக் உள்ளே வந்தார். மெஷினையும், மேனேஜரின் சட்டையையும், முதலாளி கையிலிருந்த மெமோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிப்பேர் முடியிற வரைக்கும் யார் சொன்னாலும் இந்த மெஷினைத் தொடக்கூடாதுன்னு, நேத்து சாயங்காலம் நான் நீட்டின ஆர்டர்ல படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்களே மேனேஜர் சார், இந்தக் கம்பெனியில நீங்க சொன்னதை அப்படியே கேட்ட ஒரே ஆள் இந்த அக்காதான்!"