நாமத்துக்கு மேல் தொப்பி

"சார், பேர் சொல்லுங்க" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டதும் உத்தமன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரு சாண்ட்விச்சுக்கும் ஒரு கோல்டு காபிக்கும் பெயர் எதற்கு? ஆனால் இந்த மாதிரிக் கடைகளின் வழக்கம் அவருக்கு இதற்குள் அத்துபடி. பெயரை எழுதி வைத்துக்கொள்வார்கள். பண்டம் தயாரானதும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். ஒளிந்துகொள்ள வந்த மனிதனுக்கு இதைவிடக் கெடுதலான ஏற்பாடு கிடையாது. கோரமங்களாக் கடையில் அப்படித்தான் "உட்டமன், உட்டமன்" என்று ஏலம் போட்டார்கள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்தவர், குரல் ஓயும்வரை நிமிரவே இல்லை.

அதனால் இந்த முறை வேறு பெயர் கொடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். எந்தப் பெயர் என்று தீர்மானிக்கத்தான் மறந்துவிட்டார். காலையிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரே பெயர் வாயில் வந்து விழுந்தது.

"ஹரிஷ்."

ஹரிஷ் என்பது, அவருடைய மகள் கிருத்திகாவைப் பார்ப்பதற்காக இன்னும் சற்று நேரத்தில் இதே கடைக்கு வரப்போகிற மாப்பிள்ளைப் பையனின் பெயர்.

உத்தமன் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஒரு போல்ட் வெளியே போவதானாலும் அவரைக் கேட்டுத்தான் போக வேண்டும். பெற்ற பெண்ணிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போவதெல்லாம் வேண்டாம், நானே வெளியில் சந்தித்துப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். எந்தக் கடை, எத்தனை மணிக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வனஜாவிடம் சொன்னால் உத்தமனிடம் சொன்ன மாதிரி.

இதுவரை மூன்று பையன்களைப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, "செட் ஆகலப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். என்ன செட் ஆகவில்லை என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு முப்பது நெருங்குகிறது. சந்தாபுராவில் அவர்கள் தெருவில் இஸ்திரிக்காரர் முதற்கொண்டு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். உத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று காதால் கேட்டுவிட வேண்டும் என்று, யாருக்கும் தெரியாமல் எல்லாக் கடைக்கும் முன்கூட்டியே போய் உட்கார்ந்தார்.

முதல் கடையில் எந்த ரொட்டி, எந்த சீஸ், எந்த சாஸ் என்று நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார்கள். வம்பு வேண்டாமே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதில் ஊறவைத்த மிளகாய் ஒரு கைப்பிடி உள்ளே போய்விட்டது. அவர் விட்ட விக்கலில் கடையே குலுங்க, அந்தப் பையன் அவரைக் காட்டிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். கலகலப்பான பிள்ளை என்று உத்தமனுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கோரமங்களாவில், மேஜைக்கு அடியில் கிடந்தவரை அடுத்த பையன் செல்போனில் படம் பிடித்தான். சுறுசுறுப்பான பிள்ளை. மூன்றாவது கடையில் காபி என்று கேட்டதற்கு, பாலாடை அளவு கிண்ணத்தில் கறுப்பாக ஒரு கசாயத்தைக் கொடுத்தார்கள். பாலுக்கும் சர்க்கரைக்கும் அவர் மன்றாடிக்கொண்டிருக்கையில், அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிட்டு, இந்த ஆளை வேறு பக்கம் உட்கார வையுங்கள் என்று உத்தரவு போட்டான். என்ன ஒரு நிர்வாகத் திறமை!

மூன்றும் தங்கமான வரன்கள். மூன்றும் கைநழுவிப் போனதற்குத் தன்னுடைய கூத்துதான் காரணமோ என்ற பயம் அவரை அரித்தது. பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். இருந்தால்தான் இருப்புக்கொள்ள மாட்டேன் என்கிறதே!

இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. பெருமாள் கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்ல, வனஜாவே அவர் நெற்றியில் பட்டையாக நாமம் இழுத்து அனுப்பிவைத்தாள். பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறும்போது அதன்மேல் வழக்கமான தொப்பியை இழுத்துவிட்டு, மூக்குக்குக் கீழே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஜெயநகர் வந்து சேர்ந்தார்.

கவுன்ட்டர் பெண்ணின் சட்டையில் குளோரியா என்று எழுதியிருந்தது. தமிழில் பேசினாள். ஆஸ்டின் டவுன்காரியாம். "அந்தச் செடிக்குப் பின்னாடி உட்காருங்க, உங்களுக்கு வசதியா இருக்கும்" என்று அவளே ஓரத்து மேஜையைக் காட்டினாள். நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கிருத்திகா வந்தாள். பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் பையனும் வந்தான். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்தார்கள். அவன் எழுந்து போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தான். உத்தமன் காதைத் தீட்டிக்கொண்டார். மிக்ஸி ஓடிய சத்தம்தான் கேட்டது.

"ஹரிஷ்!" என்று குளோரியா கூப்பிட்டாள்.

உத்தமன் பாதி எழுந்தார். பையன் முழுதாக எழுந்தான். உத்தமன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பையன் தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கிருத்திகா முன்னால் வைத்தான்.

அது உத்தமனின் சாண்ட்விச். படத்தைப் பார்த்து விரலால் காட்டியதோடு சரி, உள்ளே என்ன என்று அவர் கேட்கவில்லை. இப்போதுதான் தெரிந்தது, ரொட்டிக்கு வெளியே ஒரு கோழித்துண்டு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. கிருத்திகா முட்டைகூடத் தொடமாட்டாள். பையன் வீட்டைப் பற்றி என்ன நினைப்பாள்? இந்தச் சம்பந்தமும் போயிற்று, அதுவும் தான் வாங்கிய கோழியால் போயிற்று என்று உத்தமனுக்கு வியர்த்துக் கொட்டியது.

பையன் தட்டைப் பார்த்தான். "இது நாங்க கேட்டதில்லைங்க. நாங்க வெஜ்தான் சொன்னோம்" என்று திருப்பி எடுத்துப் போனான்.

"சாரி சார். இன்னொரு ஹரிஷ் இருக்காரு" என்ற குளோரியா, கொஞ்சமும் தயங்காமல் செடிக்குப் பின்னால் கையை நீட்டினாள்.

பையன் தட்டோடு நேரே வந்துவிட்டான். தமிழில் வாயைத் திறந்தால் மகள் குரலைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று உத்தமன் கன்னடத்துக்குத் தாவினார். கன்னடத்தில் பேசினால் குரல் மாறிவிடும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"பேடா, பேடா" என்று கையை ஆட்டினார்.

வேண்டாம் என்கிறாரே என்று பையனுக்குக் குழப்பம். இருந்தாலும் தட்டைப் பதமாக வைத்துவிட்டு, சூடாக இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்கள் என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டுப் போனான்.

வைத்த தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வராதா? கோழியை ஒதுக்கிவிட்டு ரொட்டியின் ஓரத்தை மட்டும் கொறிப்பது போல் பாவனை செய்வோம் என்று மாஸ்க்கை இறக்கினார். ரொட்டியா அது, பாறாங்கல். பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். ரொட்டி வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். ரொட்டி பட்டென்று பிய்ந்த வேகத்தில் தலை பின்னால் போய், தொப்பி கழன்று செடித்தொட்டியில் விழுந்தது.

நெற்றியில் பளிச்சென்று நாமம். கையில் கோழி. பக்கத்து மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துடைக்கிற துணியோடு சுவரோரம் நின்ற சிப்பந்திகள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, ஒருவரும் கிட்டே வரவில்லை. கிருத்திகா மட்டும் திரும்பவில்லை, அந்த வரைக்கும் பெருமாள் காப்பாற்றினார்.

பையன்தான் மறுபடி எழுந்து வந்தான். தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டிக் கொடுத்தான். நெற்றியையும் தட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காதோடு குனிந்து கன்னடத்திலேயே கிசுகிசுத்தான்.

"அங்கிள், இதுல சிக்கன் இருக்கு. தெரியாம வாங்கிட்டீங்க போல. நீங்க இதைச் சாப்பிடுங்க" என்று, அதற்குள் தங்கள் மேஜைக்கு வந்திருந்த வெஜ் தட்டை எடுத்துவந்து பாதியை நகர்த்தி வைத்தான். கோழியை ஒரு காகிதத்தால் மூடினான், யார் கண்ணிலும் படாமல்.

இவ்வளவு நெருக்கத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் உத்தமனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகத்தை மறைக்கத் தொப்பியை அவசரமாகத் தூக்கினார். முழங்கை பட்டு, சற்றுமுன் குளோரியா கொண்டுவந்து வைத்திருந்த கோல்டு காபி பையனின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கவிழ்ந்தது.

ஐஸ் கட்டிகள் தரையில் உருண்டன.

"உங்க மேல எதுவும் படலையே அங்கிள்?" என்றான் பையன்.

உத்தமன் தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளே நின்றுகொண்டு தன்னையே திட்டித் தீர்த்தார். எப்பேர்ப்பட்ட பையன், அவன் சட்டையையும் பாழாக்கி, பெண்ணின் வாழ்க்கையையும் பாழாக்கியாயிற்று. காபிக் கறையோடு உட்கார்ந்து எவன் கல்யாணம் பேசுவான்? கண்ணில் நீர் கட்ட, வியர்வையில் நாமம் கரைந்து மூக்கில் இறங்கியது.

அவர் வெளியே வந்தபோது இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். செல்போன் அடித்தது. வனஜா.

"கோயில்ல கூட்டமாங்க? கிருத்திகா போன் பண்ணா. இந்தப் பையனைப் பிடிச்சிருக்காம். மேற்கொண்டு பேசச் சொல்லிட்டா."

உத்தமன் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. மேஜையைத் துடைக்க வந்த குளோரியாவிடம், அங்கே உட்கார்ந்திருந்தது தன் மகள்தான் என்றும், தன்னால் கெட இருந்த காரியம் எப்படியோ தப்பிவிட்டது என்றும், யாரிடமும் சொல்லிவிடாதே என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

குளோரியா காபியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மேடம் காலையிலயே வந்து இந்த டேபிளை உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க அங்கிள். 'எங்கப்பா தொப்பி போட்டுட்டு வருவாரு, கண்டிப்பா எதையாவது குழப்புவாரு, நீங்க யாரும் உதவிக்குப் போயிடாதீங்க, வர்ற பையன் போறானான்னு நான் பார்க்கணும்'னு."