கொலன்னாவைத் தடத்தில் ஓர் அடையாள அட்டை

1997 மார்ச், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். இடம்: கொழும்பை அடுத்த கொலன்னாவைக்கு அப்பால், சதுப்பு நிலத்தை நிரப்பி அமைத்த கிரவல் தடம். போட்டி: 125 சிசி மோட்டார் சைக்கிள், புதியவர்களுக்கானது. சுற்றுகள் பத்து. பங்குபற்றியோர் பதினொருவர். ஆறாவது சுற்றில், மூன்றாவது இடத்தில் வந்துகொண்டிருந்த ஏழாம் இலக்க வண்டி, எவ்விதப் பழுதுமின்றி, இரண்டாவது வளைவில் நின்றது. ஓட்டுநருக்குக் காயம் இல்லை.

ஓட்டுநர் நான்.

படித்தவனுக்கு எதையும் கணக்கிட்டுச் செய்துவிடலாம் என்றொரு நம்பிக்கை உண்டு. அது எனக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. அப்போது நான் பிரயோக கணிதம் கற்பிக்கும் விரிவுரையாளன், வயது முப்பத்தொன்று, நிறை நாற்பத்தொன்பது கிலோ. வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டு, தடத்தின் ஒவ்வொரு வளைவையும் சதுரக்கோட்டுத் தாளில் வரைந்து, எந்த இடத்தில் எத்தனை பாகை சாயவேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். (தாள் சாயவில்லை. நான்தான் முதல் மூன்று ஞாயிறும் சாய்ந்தேன், நிலம்வரை.)

வண்டியைச் செய்தவன் ஜெரோம். கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்தவன். என் பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்த வந்து நண்பனானவன். ஒரு பாரந்தூக்கியின் அருகே வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்தபின் துறைமுகம் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. அவன் வீட்டின் பின்புறத்தில் ஓராண்டாக, கழித்துவிடப்பட்ட மூன்று வண்டிகளிலிருந்து ஒரு வண்டியை உருவாக்கினான். தெமட்டகொடையில் பெரிய கராஜ் வைத்திருந்த சிங்கள முதலாளி ஒருவர் அதைக் கேள்விப்பட்டு, போட்டிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முதல் மூன்றுக்குள் வந்தால் ஜெரோமுக்கு அங்கே நிரந்தர வேலை. பேச்சு அவ்வளவுதான்.

அந்தக் காலால் அவனுக்கு ஓட்ட முடியாது. கொட்டாஞ்சேனையில் நன்றாக ஓட்டக்கூடியவர்கள் வெளிநாடு போயிருந்தார்கள். போகாதவர்களை மனைவியர் விடவில்லை. எஞ்சியவன் நான்.

"மாஸ்டர், நீ வெல்ல வேணாம். விழாம வா. மிச்சத்த வண்டி பாத்துக்கும்" என்றான்.

அந்தத் தடத்தை நான் விரும்பினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். செம்மண் தூசு காதுக்குள் போய் செவ்வாய்க்கிழமைவரை இருக்கும். பையன்கள் பெற்றோல் தொட்ட விரலைக் கழுவாமலே சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், தமிழரென்று நாங்கள் இருவர். அங்கே ஒருவரும் எனக்கு எந்த ஊர் என்று கேட்டதில்லை. ரயர் என்ன அளவு என்று மட்டும் கேட்டார்கள்.

மற்ற ஆறு நாளும் வேறு. போர்க்காலம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குள் நான்கு சோதனைச்சாவடிகள். காக்கி உடுப்பில் ஒரு கை உயர்ந்தால் செய்யவேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: வேகம் குறைத்தல், ஓரங்கட்டல், எஞ்சினை நிறுத்தல், ஹெல்மெற்றைக் கழற்றல், அளவாகச் சிரித்தல், அடையாள அட்டையை, எங்கள் பேச்சில் ஐசியை, நீட்டல், அதன் பின்னாலே, கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய, மடித்த பொலிஸ் பதிவுத் துண்டு. பல்கலைக்கழகத்தில் கற்ற எதையும் நான் இவ்வளவு பிழையின்றிக் கற்றதில்லை.

ஆறாவது சுற்றில் எனக்கு முன்னால் இருவர் மட்டும். ஜெரோம் கம்பியோரம் நொண்டிக்கொண்டே ஓடி வருவது தெரிந்தது. இரண்டாவது வளைவில் முந்திய சுற்றில் யாரோ விழுந்திருக்க வேண்டும். மெதுவாகப் போகும்படி அறிவிக்க, கொடிகாட்டும் தொண்டர் ஒருவர் தடத்தோரம் வந்து மஞ்சள் கொடியைத் தூக்கினார். கொடியை நான் பார்க்கவில்லை. அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். கையை உயர்த்தினார்.

ஓரங்கட்டினேன். எஞ்சினை நிறுத்தினேன். ஹெல்மெற்றைக் கழற்றினேன். சிரித்தேன். சட்டைப்பையில் பொலித்தீனுக்குள் இருந்த அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

அந்த இளைஞர் திகைத்துப்போய் அதை வாங்கினார். வாங்கியதால் வாசித்தார். படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டும் பார்த்தார். எங்களைக் கடந்து மூன்று வண்டிகள் போயின. பிறகு இன்னும் நான்கு. பொலிஸ் பதிவுத் துண்டையும் நான் நீட்டியபோதுதான் அவருக்கு வாய் திறந்தது.

"மாத்தயா, மேக்க ரேஸ் எக்கக்."

ஐயா, இது பந்தயம். விளங்கியது. விளங்கியும் என் வாய் அதன் வழக்கத்தை விடவில்லை.

"யன்னத?" என்று கேட்டேன். போகலாமா என்று, பந்தயத்தின் நடுவில், அனுமதி.

அவர் அட்டையைத் தந்துவிட்டு, என் ஹெல்மெற்றைத் தானே எடுத்து என் தலையில் வைத்தார். ஒரு உதை. வண்டி கிளம்பியது. கடைசியிலிருந்து இரண்டாவதாகச் சேர்ந்தவன், ஆறாவதாக முடித்தேன். சதுரக்கோட்டுத் தாள் நினைவுக்கே வரவில்லை. ஒருவேளை அதனால்தான் நன்றாக ஓட்டினேன் போலும்.

ஜெரோம் பெற்றோல் கானொன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய ஓராண்டு உழைப்பை நான் என்ன செய்தேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மச்சான், பொலிஸ் ரிப்போட்டையும் காட்டினியா?"

"ஓம்."

"நல்லது. இல்லாட்டி பிரச்சினையாயிருக்கும்."

முதலாளி வந்து, ஏன் நின்றது என்று கேட்டார். ஜெரோம் சிங்களத்தில் உள்ளபடியே சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில் ஜெரோமிடம், "கொதிச்ச எஞ்சின். நிப்பாட்டினா திரும்ப வராது. இது ஒரு உதையில வந்தது. நீயா செஞ்சது?" என்றார்.

"ஓம் முதலாளி."

திங்கட்கிழமை வரச்சொன்னார். ஒரு நிபந்தனை: இந்த மாஸ்டர் இனி அவருடைய எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. (அந்த நிபந்தனையை நான் இன்றுவரை மீறவில்லை.)

ஜெரோம் அங்கே பத்தொன்பது ஆண்டுகள் இருந்தான். கடைசியில் மேற்பார்வை செய்யும் போர்மனாக ஓய்வுபெற்றான். அவன் வீட்டு ஞானஸ்நானம், என் வீட்டுப் பூப்புனித நீராட்டுவிழா, இரு வீட்டுக் கலியாணங்கள், எல்லாவற்றிலும் இந்தக் கதையைச் சொன்னான். ஆண்டுதோறும் கதை வளர்ந்தது. என் மகளின் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னபோது, கொடிக்காரர் என் பிறப்புச் சான்றிதழையும் கேட்டு, அதையும் நான் கொடுத்திருந்தேன். சந்தியில் மஞ்சள் விளக்குக்கு நான் காரை நிறுத்தினால், பின் ஆசனத்திலிருந்து, "அப்பா, ஐசிய எடுங்கோ" என்று இன்றும் குரல் வரும். ஒவ்வொரு தடவையும் கோபம் வந்ததுபோல் நான் முகத்தை இறுக்கிக்கொள்வேன். அது என் பங்கு. கதைக்கு அது தேவை என்று நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஜெரோம் இறந்தான். கொட்டாஞ்சேனை வீட்டில், அடக்கத்துக்குப் பின், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த அவன் மகன், "அப்பா ஒரு ரேஸ் கத சொல்லுவாரு..." என்று தொடங்கி என்னைப் பார்த்தான். பழக்கத்தில் என் முகம் இறுகியிருக்கவேண்டும். "சொறி அங்கிள்" என்று நிறுத்திக்கொண்டான். இன்னொரு கோப்பையை எடுக்க உள்ளே போய்விட்டான்.

செய்யாமல் விட்டவை:

அந்தக் கதையில் எனக்கு ஒருபோதும் கோபம் இருந்ததில்லை என்று ஜெரோமிடம் சொல்வது.

அவன் மனைவிக்கு எழுதத் தொடங்கிய கடிதத்தின் இரண்டாவது வரி.

அவன் மகனுக்குத் தொலைபேசி எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து சொல்லச் சொல்வது. இதை மட்டும் இன்னும் செய்யலாம்.