ஈசிஜி சாருக்கு வந்த 'கேஸ்'

சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஈசிஜி சாரைப்போல் அடுத்தவர் நெஞ்சுக்காகக் கவலைப்படும் மனிதர் கிடைக்கமாட்டார். அந்த நெஞ்சுக்காரர்கள்தான் அவரைக் கண்டால் ஓடினார்கள்.

திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவர் வடமாலபேட்டையில் ஏறுவார். சூப்பர்வைசர். குட்மார்னிங் எல்லாம் கிடையாது. "நெஞ்சுமேல கல்லு வெச்சாப்பல இருக்குதா? எடது கை, தாடை, முதுகு, எங்கனா வலிக்குதா? சும்மா குந்திக்கினு இருக்கும்போதே வேர்க்குதா?" என்று சீட் சீட்டாக விசாரிப்பார். "ஒண்ணுமில்ல சார்" என்றால் நம்பமாட்டார்; "எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துரு" என்பார். அதனால்தான் அந்தப் பேர்.

ஒருநாள் பேக்கிங் மல்லிகா கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தாடை வலியா? பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலிக்காமகூட வரும்மா!"

"சொத்தைப் பல்லு சார்!"

"எல்லாரும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருப்பாங்க."

தொல்லை தாங்காமல் மல்லிகா ஈசிஜி எடுத்தார். இதயம் பிரமாதமாக இருந்தது. பல்லைத்தான் பிடுங்கினார்கள்.

கங்காதர நெல்லூரில் நண்பர் ஒருவரின் கல்யாணம். ஈசிஜி சார் மணமேடைக்கே போய், "மாப்ளைக்கு சிகரெட் உண்டா? சுகர், பிபி? அவங்க நைனாவுக்கு ஹார்ட்டுல ஏதாச்சும்?" என்று கேட்டார். இவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று பெண்ணின் மாமா தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார்!

இந்தப் பைத்தியத்துக்கான காரணத்தை ஒருமுறைதான் சொன்னார். "வெதுருகுப்பத்துல எங்க நைனா நெஞ்சு வலின்னாரு. கேஸுன்னு சோடா வாங்கிக் குடுத்தோம். பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டாரு."

போன வருஷம் ஒரு காலை, அவர் யாரையும் எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏசி பஸ்ஸில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

முன் சீட்டு மல்லிகா திரும்பினார். "சார், ஏன் இப்பிடி வேர்க்குது?"

"காலைல மசால்வடை துன்னேன்மா. கேஸு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எடது கை வலிக்குதா சார்?"

"லேசா."

"நெஞ்சுமேல கல்லு வெச்சாப்பல?"

"சின்னக் கல்லுதான். எனக்கெல்லாம் வராதும்மா, தெனம் வாக்கிங் போறேனே!"

"உங்க நைனாவுக்கு வந்துச்சே சார். உங்களுக்கு பிபி வேற இருக்குதே!"

கேட்டுக்கொண்டே இருந்த டிரைவர், "திப்புத்துன்னா! அந்தரூ பட்டுக்கோண்டி!" என்று, எல்லாரையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தெலுங்கில் கத்தியபடி பஸ்ஸைத் திருப்பதிப் பக்கம் திருப்பினார். நான் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன்.

"ஒரு சோடா குடுத்தா செரியாப்பூடும்" என்றார் ஈசிஜி சார்.

"சோடான்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க..." மல்லிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பயமா கீதுப்பா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். "நேரத்தோட கூட்டினு வந்ததால பொழைச்சாரு. யாரு கண்டுபுடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

மல்லிகா கட்டிலைக் காட்டினார். "அவர்தான் சார் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாரு. அவருக்குத்தான் தெரியல."

ஓய்வெடுத்துவிட்டு அவர் மறுபடியும் வேலைக்கு வருகிறார். எம்.டி.யே வந்தாலும் நிற்காத எங்கள் டிரைவர், வடமாலபேட்டையில் அவர் மெதுவாக நடந்து வருவது தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுகிறார். நேரமாகிறது என்று பஸ்ஸில் ஒருவரும் சொல்வதில்லை.